கோல் கீப்பருக்கு அடிபட்டால்...?

கால்பந்துப் பந்தயத்தில் ஒரு கோஷ்டிக்குப் பதினொரு பேர். பத்துப் பேர் காலை நம்பி ஆடுகிறவர்கள். பதினோராவது ஆசாமி மட்டும் கையை நம்பி நிற்கிறவர். அவர்தான் கோல் கீப்பர். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் விழுந்தால், மற்றவர்கள் கொஞ்சம் கூடுதலாக ஓடிச் சமாளித்துவிடலாம். கோல் கீப்பரே விழுந்துவிட்டால்?

"இதென்ன பிரமாதம்! இன்னொருவரை அனுப்பினால் போயிற்று" என்பீர்கள். இன்றைக்கு அது வாஸ்தவம். ஆனால் 1950-களில் இங்கிலாந்தில் அது நடக்காத காரியம். பந்தயத்தைத் தொடங்கிய பதினொரு பேர்தான் முடிக்கவும் வேண்டும். கை உடைந்தாலும் சரி, கால் உடைந்தாலும் சரி, மாற்று ஆள் கிடையாது!

அதன் விளைவைக் கேளுங்கள். 1956, மே 5-ம் தேதி. லண்டன் வெம்பிளி மைதானத்தில் எப்.ஏ. கோப்பையின் இறுதிப் பந்தயம். மாஞ்செஸ்டர் சிட்டி கோஷ்டியின் கோல் கீப்பர் பெர்ட் டிராட்மன் என்ற ஜெர்மானியர். யுத்தக் கைதியாக இங்கிலாந்துக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். ஆட்டம் முடியச் சுமார் கால் மணி நேரம் இருக்கும்போது, எதிரியின் காலடியிலிருந்த பந்தின் மேல் பாய்ந்தார். ஓடி வந்தவரின் முழங்கால் அவர் கழுத்தில் மோதியது. மயங்கி விழுந்தவர் எழுந்தார். தள்ளாடியபடியே கோலைக் காத்தார். அவர் கோஷ்டி 3-1 என்று ஜெயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், கழுத்து முள்ளெலும்பு முறிந்திருந்தது! அவர் உயிர் பிழைத்ததே பெரிது.

அடுத்த ஆண்டு அதே மைதானம், அதே கோப்பை. ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிஷத்தில் மாஞ்செஸ்டர் யுனைடெட் கோல் கீப்பர் ரே உட்டின் கன்ன எலும்பு உடைந்தது. ஜாக்கி பிளாஞ்ச்பிளவர் என்ற தடுப்பாட்டக்காரர் கோலுக்குள் போய் நின்றார். ஆஸ்டன் வில்லா கோஷ்டி 2-1 என்று கோப்பையைத் தட்டிச் சென்றது. இரண்டு கோல்களையும் போட்டவர் யார் தெரியுமோ? ரே உட்டின் மேல் மோதிய அதே மக்பார்லண்ட்தான்!

1965-ல் இங்கிலாந்தின் லீக் பந்தயங்களில், காயம் பட்டால் ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று விதி வந்தது. ஆகஸ்ட் 21-ம் தேதி சார்ல்டன் கோஷ்டியின் கீத் பீகாக் முதல் மாற்று ஆளாக இறங்கினார். காயம் பட்டு வெளியேறியவர் கோல் கீப்பர். பீகாக்கோ கோல் கீப்பரே அல்ல! களத்திலிருந்த வேறொருவர் கோலுக்குள் போக, பீகாக் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். உலகக் கோப்பைக்கு மாற்று ஆட்டக்காரர்கள் வந்தது 1970-ல்தான்.

இன்றைய விதி என்ன? களத்திலுள்ள எவரும் கோல் கீப்பருடன் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பந்து ஆட்டத்தில் இல்லாத சமயமாக இருக்க வேண்டும். ரெபரிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் மாறினால் இருவருக்கும் மஞ்சள் அட்டை. மைதானத்தில் சிகிச்சை பெற்ற மற்றவர்கள் பொதுவாக வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும்; கோல் கீப்பருக்கு மட்டும் அந்த நிபந்தனை இல்லை. கோலைத் திறந்து போட முடியாதல்லவா?

சிவப்பு அட்டை வாங்கிவிட்டால் சலுகை கிடையாது. புதுக் கோல் கீப்பர் வர வேண்டுமானால், குற்றமற்ற இன்னொருவர் வெளியேற வேண்டும். 2006-ல் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் பந்தயத்தில், பதினெட்டாவது நிமிஷத்தில் ஆர்ஸனலின் லேமன் வெளியேற்றப்பட்டார். அதற்காகப் பலியானவர் பிரெஞ்சுக்காரரான பிரெஸ். பாவம், தம் நாட்டுத் தலைநகரில் அவர் ஆடியது அவ்வளவுதான்!

பெனால்டி உதைகள் தொடங்கிய பிறகு, கோல் கீப்பர் ஆட முடியாத நிலைக்கு வந்தாலொழிய வெளியிலிருந்து மாற்று ஆள் வர முடியாது. ஆகவே யுக்தி செய்ய நினைப்பவர் முன்னதாகவே செய்ய வேண்டும். 2014 உலகக் கோப்பையில் ஹாலந்தின் பயிற்சியாளர் வான் ஹால் அதைத்தான் செய்தார். கோஸ்டாரிகாவுக்கு எதிரான கால் இறுதியில், 120-வது நிமிஷத்தில், காயமே இல்லாத சில்லசனை அழைத்துவிட்டு டிம் குருலை அனுப்பினார். குருல் இரண்டு உதைகளைத் தடுத்தார், ஹாலந்து ஜெயித்தது. நாலே நாளில் அர்ஜென்டினாவுடன் அரை இறுதி. மறுபடியும் பெனால்டி! ஆனால் அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்றங்களும் அதற்குள் தீர்ந்திருந்தன. குருல் வெளியே உட்கார்ந்திருக்க, ஹாலந்து தோற்றது.

இப்போது பெரிய பந்தயங்களில் ஐந்து மாற்றங்கள் வரை உண்டு. தலையில் அடிபட்டவருக்காகத் தனி மாற்றம் அனுமதிக்கவும் விதியில் இடமிருக்கிறது. அடுத்த முறை பந்தயம் பார்க்கும்போது, ஓரத்துப் பெஞ்சியில் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டாவது கோல் கீப்பரையும் ஒரு தரம் பாருங்கள். அந்த இடம் அவருக்கு இலேசில் கிடைத்ததல்ல!