பத்து நிமிட ஜாஸ் படங்கள்: வெறும் ‘ஃபில்லர்’ எப்படி வரலாறு ஆனது?

பெஸ்ஸி ஸ்மித். 1920-களில் அமெரிக்காவில் ‘ப்ளூஸ் பேரரசி’ என்று கொண்டாடப்பட்ட கறுப்பினப் பாடகி. 150-க்கும் மேற்பட்ட பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தவர். குரல் அவ்வளவு இருக்கிறது. ஆனால், அவர் எப்படி நிற்பார், எப்படித் தலையைச் சாய்த்துப் பாடுவார் என்று பார்க்கணும்னா, நமக்கு இருப்பது ஒரே ஒரு படம்தான். 1929-இல் வெளியான ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. ஓடும் நேரம் சுமார் 16 நிமிடம். அதுவும், தியேட்டரில் மெயின் படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்காக எடுத்த துண்டுப் படம்.

நம்ம ஊர் தியேட்டர்களில் முன்பெல்லாம் படம் தொடங்கும் முன் நியூஸ் ரீல் ஓட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த இடம்தான் இதற்கும். அப்படி ‘ஃபில்லர்’ ஆக எடுத்த படங்களைத்தான் இன்று இசை ஆய்வாளர்கள் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கிறார்கள். ஏன்?

எதற்காக இந்தப் படங்களை எடுத்தார்கள்?

மௌனப் பட காலத்தில் பெரிய நகரத் தியேட்டர்களில் படத்துக்கு முன்பு மேடையில் ஆட்டம், பாட்டு, இசைக்குழு எல்லாம் உண்டு. சின்ன ஊர்த் தியேட்டருக்கு அது கட்டுப்படியாகாது. அந்தக் கச்சேரியையே படமாக எடுத்து டப்பாவில் அடைத்து ஊர் ஊராக அனுப்பினால் என்ன? இதுதான் யோசனை.

லீ டி ஃபாரஸ்ட் என்ற கண்டுபிடிப்பாளர், படச்சுருளிலேயே ஒலியைப் பதியும் ‘ஃபோனோஃபிலிம்’ முறையில் எடுத்த படங்களை 1923 ஏப்ரலில் நியூயார்க்கில் திரையிட்டார். கறுப்பின இசை ஜோடியான நோபிள் சிஸில், யூபி பிளேக் இருவரும் அந்த ஆண்டிலேயே அவருடைய கேமரா முன்பு பாடினார்கள். 1926 ஆகஸ்ட் 6 அன்று வார்னர் பிரதர்ஸ் தன்னுடைய ‘வைட்டாஃபோன்’ முறையை அறிமுகப்படுத்தியது. முதல் நாள் நிகழ்ச்சியில் ஆபரா, வயலின் என்று பெரும்பாலும் செவ்வியல் இசைதான். கொஞ்ச நாளிலேயே நடன இசைக்குழுக்களும் ஜாஸ் பேண்டுகளும் வரிசையாக உள்ளே வந்துவிட்டன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டப்பாவில் அடைத்த இசை வந்ததும், தியேட்டரில் உட்கார்ந்து வாசித்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்களுக்கு வேலை போனது. அவர்களுடைய சங்கம் பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்து எதிர்த்துப் பார்த்தது, பலிக்கவில்லை. சில இசைக்கலைஞர்களின் முகத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்த அதே இயந்திரம்தான், பலருடைய பிழைப்பைப் பறித்தது.

கேமரா ஏன் அசையவே இல்லை?

இந்தப் படங்களை முதல் முறை பார்ப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. பேண்ட் நிற்கிறது, வாசிக்கிறது. கேமரா சிலைபோல் நிற்கிறது. காரணம் எளிது. அன்றைய கேமரா போட்ட சத்தம் மைக்கில் விழுந்துவிடும். அதனால் கேமராவையும் கேமராமேனையும் சேர்த்து ஒலிபுகாத கூண்டுக்குள் அடைத்துவிட்டார்கள்.

வைட்டாஃபோனில் ஒலி, படச்சுருளில் இல்லை. 16 அங்குல இசைத்தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் பதிவானது. ஒரு தட்டு சுமார் 11 நிமிடம் ஓடும். ஒரு ரீல் படமும் அவ்வளவுதான். இப்போது புரிகிறதா, இந்தப் படங்கள் பலவும் ஏன் பத்து நிமிடத்துக்குள் முடிகின்றன என்று? தட்டில் பதிந்ததை வெட்டி ஒட்ட முடியாது. நடுவில் டிரம்பெட் ஒரு ஸ்வரம் பிசகினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். ஆக, நாம் பார்ப்பது ஒரே மூச்சில் வாசித்த நிஜக் கச்சேரி. இந்தக் குறைதான் பிறகு பெரிய வரமாகிவிட்டது.

ஆனால், தட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்ததால், ஒன்று கிடைத்தால் இன்னொன்று காணாமல் போனது. 1991-இல் இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் சிலர் சேர்ந்து ‘வைட்டாஃபோன் ப்ராஜெக்ட்’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். தனியாரிடம் கிடந்த தட்டுகளைத் தேடி, காப்பகங்களில் ஊமையாகக் கிடந்த படங்களோடு அவற்றைச் சேர்த்து வைப்பதுதான் அவர்களுடைய வேலை.

1929-இன் இரண்டு படங்கள்

கேமராவுக்கு மேடையைத் தாண்டிக் கதை சொல்லவும் வரும் என்று காட்டியவர் டட்லி மர்ஃபி. ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, ‘பிளாக் அண்ட் டான்’ இரண்டுமே அவர் இயக்கியவை.

முதல் படத்தில் காதலன் ஏமாற்றிவிட்டுப் போக, பெஸ்ஸி மதுக்கூடத்தில் கையில் கோப்பையோடு நின்று பாடுகிறார். சுற்றி மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பின்பாட்டு பாடுகிறார்கள். காதலன் திரும்பி வருகிறான், அவரோடு ஆடுகிறான், ஆடிக்கொண்டே அவருடைய பணத்தை உருவிக்கொண்டு போய்விடுகிறான். பெஸ்ஸி மறுபடியும் பாடுகிறார்.

இரண்டாவது படத்தில் டியூக் எலிங்டன். அப்போது அவருக்கு 30 வயது. நியூயார்க்கின் ‘காட்டன் கிளப்’பில் வாசித்துக்கொண்டிருந்தார். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், பார்வையாளர்கள் மட்டும் வெள்ளையர்கள் என்ற விதி வைத்திருந்த கிளப் அது. படத்தின் கதையில், தவணை கட்டாததால் எலிங்டனின் பியானோவை எடுத்துப்போக இருவர் வருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, ஜின் பாட்டிலைக் காட்டினால் மயங்கிவிடுகிற கோமாளிகளாக அவர்களைக் காட்டுகிறார்கள். ஹாலிவுட் கறுப்பினத்தவருக்கு வழக்கமாகக் கொடுத்த வேடம் அதுதான்.

ஆனால், அதே அறையில் எலிங்டன் இசையமைப்பாளராக, நிதானமாக, மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறார். இதய நோயுள்ள நடனக்காரியாக வரும் ஃப்ரெடி வாஷிங்டன், மேடையில் ஆடி மயங்கி விழுகிறார். ஷோவை நிறுத்தாதே என்கிறார் முதலாளி. எலிங்டன் வாசிப்பை நிறுத்திவிட்டு இசைக்குழுவோடு எழுந்து போகிறார். 1929-இல் ஒரு கறுப்பினக் கலைஞர் திரையில் அப்படி எழுந்து போனது சாதாரண விஷயம் இல்லை.

சிறுத்தைத் தோலும் நிழலும்

எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1932-இல் வந்த ‘எ ராப்சோடி இன் பிளாக் அண்ட் ப்ளூ’ படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்குச் சிறுத்தைத் தோல் மாட்டி, சோப்பு நுரைக்கு நடுவே நிற்க வைத்தார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால், அவர் டிரம்பெட்டை உதட்டில் வைத்ததும் நம் கண் அந்த உடையை விட்டு விலகி, அவருடைய விரல்களுக்குப் போய்விடுகிறது.

1940-களில் இதே மாதிரிப் படங்கள் மதுக்கூடங்களுக்கும் வந்தன. ‘பனோரம்’ என்ற பெட்டியில் 10 சென்ட் போட்டால் ஒரு பாட்டு, சுமார் மூன்று நிமிடம் ஓடும். ‘சவுண்டீஸ்’ என்று பெயர். ரீலில் அடுத்து எது இருக்கிறதோ அதுதான். பிடித்த பாட்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

1944-இல் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி இயக்கிய ‘ஜாமின் தி ப்ளூஸ்’ வந்தது. பத்து நிமிடம். இருட்டில் ஒரு வட்டம் தெரிகிறது, புகை எழுகிறது, அந்த வட்டம் மெல்ல நிமிரும்போதுதான் அது லெஸ்டர் யங்கின் தொப்பி என்று புரிகிறது. இன்றைய மியூசிக் வீடியோ எடுப்பவர்கள்கூடப் பொறாமைப்படும் காட்சி. ஆனால், அந்தக் குழுவில் வெள்ளையர் ஒருவர் இருந்தார்: கிடார் கலைஞர் பார்னி கெஸ்ஸல். இரு இனத்தவரும் சேர்ந்து வாசிப்பதைக் காட்டினால் தென் மாநிலத் தியேட்டர்கள் படத்தை எடுக்காது என்ற பயம். அதனால் அவரை நிழலிலேயே வைத்தார்கள். கை தெரியும் ஷாட்டுக்காக விரல்களில் பெர்ரிப் பழச்சாறு பூசினார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

இப்போது எப்படிப் பார்ப்பது?

இங்கே சொன்ன படங்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கின்றன. ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, ‘பிளாக் அண்ட் டான்’, ‘ஜாமின் தி ப்ளூஸ்’ மூன்றையும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். ‘பிளாக் அண்ட் டான்’ படத்திலிருந்து தொடங்கலாம், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பாட்டுக்காக. இரண்டாவது முறை, யாருக்கு என்ன உடை கொடுத்திருக்கிறார்கள், யார்மேல் வெளிச்சம் விழுகிறது, யார் நிழலில் நிற்கிறார்கள் என்பதற்காக.