கால்டுவெல் ஐயர் காட்டிய உறவு

பெங்களூருவில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டினுள் 'பால்' என்கின்றனர். கடைக்குச் சென்றால் 'ஹாலு' என்று கேட்கின்றனர். பல் இங்கே ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூ. இவ்வொற்றுமை தற்செயலாய் நேர்ந்ததன்று. சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாய்த் திரிந்தது. பழங்கன்னடத்தில் அதுவும் பகரமாகவே இருந்தது. இத்தகைய திரிபுகளை ஒழுங்குபட ஆராய்ந்து, தென்னாட்டு மொழிகள் ஒரு குடும்பத்தன என்று உலகறிய நிறுவியவர் இராபர்ட் கால்டுவெல் ஐயர்.

அயர்லாந்தில் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் பிறந்த அவர், கிளாஸ்கோவில் கற்று, 1838 ஜனவரியில் சென்னைக்கு வந்தார். தமிழ் பயின்றபின் 1841இல் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, வழியெல்லாம் பெரும்பாலும் நடந்தே சென்று, நெல்லை நாட்டில் செம்மணல் தேரிகளின் நடுவே அமைந்த இடையன்குடியை அடைந்தார். அவ்வூரே அவர்தம் வாழ்நாட் பணிக்கு நிலைக்களமாயிற்று.

பெருநூல் நிலையங்கள் இல்லாத அச்சிற்றூரில், வெளியுலகோடு அவரை இணைத்தது எழுத்தே. இலண்டனில் இருந்த தம் சமயச் சங்கத்துக்குப் பள்ளிகள், திருச்சபைகள் பற்றிய செய்திகளை எழுதியனுப்பினார். மறுபுறம், மொழியாராய்ச்சியையும் விடாது நடத்தினார். 1816இல் எல்லிஸ் துரை சுருக்கமாய்ச் சுட்டிய கருத்தை விரிவாக நிறுவி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1875இல் வந்த திருத்திய பதிப்பு பன்னிரு மொழிகளைத் தழுவியது. மலையாளம் ஆய்ந்த குண்டர்ட்டும், கன்னடம் ஆய்ந்த கிட்டலும் கண்ட முடிவுகளை அதில் அவர் எடுத்தாண்டார். பிறர் உழைப்பை மதித்து ஏற்றமை அவர் புலமைக்கு அணியாகும்.

எனினும் அவர் குறையற்றவர் அல்லர். தாம் பணிபுரிந்த மக்களைப் பற்றி 1849இல் எழுதிய சிறுநூலில், ஒரு சமுதாயத்தைத் தாழ்த்திப் பேசினார். அச்சொற்கள் அம்மக்களின் நெஞ்சைப் புண்படுத்தின, எதிர்ப்பும் எழுந்தது. மொழிகளை நடுநின்று நிறுத்தவர், மனிதரை நிறுத்தபோது தவறினார். அவர் புகழைப் பாடும்போது இதனை மறைத்தல் அறமாகாது.

1877இல் அவர் அத்தியட்சராய்த் திருநிலைப்படுத்தப்பட்டார். 1891 ஆகஸ்ட் 28ஆம் நாள் கோடைக்கானலில் மறைந்தார். இடையன்குடியில் தாம் எழுப்பிய திருக்கோயிலிலேயே அடக்கம் பெற்றார். அவர்தம் நினைவுக் குறிப்புகளை 1894இல் மருமகனார் வயட் ஐயர் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில்தான் கிட்டலின் கன்னட அகராதியும் வெளிவந்தது. சென்னைக் கடற்கரையில் 1968 முதல் கால்டுவெல் சிலை நிற்கிறது. நம் நகரின் மகாத்மா காந்தி சாலையில் கிட்டல் சிலை நிற்கிறது. 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையும், சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன.

சிலைகள் காட்டும் இவ்வுறவு நம் இல்லங்களில் நிலைபெற வேண்டாமா? கன்னடம் கற்றால் தமிழ் கெடும் என அஞ்சுவோரும் நம்மிடை உண்டு. கன்னட நாட்டில் தமிழ் எதற்கென அதனைக் கைவிடுவோரும் உண்டு. இருவரும் உடன்பிறந்தாருள் ஒருவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றனர். இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளை அருகழைத்து, பாலும் ஹாலும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் என்று சொல்லுவோம். அடுத்த சொல்லை அவர்களே தேடிக் கொணர்வர்.