உருசிய மொழியின் இரண்டாம் வேற்றுமை

உருசிய மொழியைப் புதிதாகப் பயில்வார் அதன் ஆறு வேற்றுமைகளைக் கண்டு மருளுவர். தமிழறிந்தார்க்கு அவற்றுள் ஓரிடம் புதிதன்று. மெய்யீற்று ஆண்பால் ஒருமைப் பெயர் செயப்படுபொருளாய் வருங்கால், உயிரில் பொருளாயின் எழுவாய் வடிவே நிற்கும்; ‘ஸ்தோல்’ (மேசை) மாறாது. உயிருடைப் பொருளாயின் உடைமை வேற்றுமையின் வடிவை ஏற்கும். ‘பிராத்’ (உடன்பிறந்தான்) ‘பிராத்தா’ ஆகும்.

‘மரம் வெட்டினான்’ என அஃறிணையில் ஐயுருபு தொகவும் பெறுதலும், ‘தம்பியைக் கண்டான்’ என உயர்திணையில் விரிந்தே நிற்றலும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. ஆயினும் இவ்வொப்புமையை முற்றும் நம்பின் மாணவர் இடர்ப்படுவர். உருசியம் நோக்குவது உயிர்மையை, திணையை அன்று. ஆதலின் யானையும் உடன்பிறந்தானோடு ஒரே வகையாம்: ‘ஸ்லோன்’ ‘ஸ்லனா’ ஆகும். (அழுத்தம் இழந்த ஒகரம் அகரமாய் ஒலிப்பது வேறு செய்தி.) உயிர்மைதானும் உலகியலோடு முற்றும் ஒத்ததன்று. இறந்தவனைக் குறிக்கும் ‘மிர்த்வேத்ஸ்’ உயிருடைப் பெயராகவும், பிணத்தைக் குறிக்கும் ‘த்ரூப்’ உயிரில் பெயராகவும் வழங்குகின்றன.