அதிரும் பீங்கான்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளில் அரைபடுகிறது. எத்துணை வலிமையாக நொறுக்கினாலும் அக்கல்லிலுள்ள கால்சைட்டுப் படிகம் அழுத்தத்தால் மின்னூட்டம் பெறுவதில்லை. ஆற்றுமணலில் மின்னும் குவார்ட்ஸ் படிகமோ, உரிய திசையில் அழுத்தினால் தன் முகங்களில் மின்னூட்டம் காட்டுகிறது. கால்சைட்டில் அணுக்கள் ஒரு மையத்தைச் சுற்றி எதிரெதிரே சமமாய் அமைந்துள்ளமையால், அழுத்தும்போது நேரும் இடப்பெயர்ச்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. குவார்ட்ஸில் அத்தகைய சமச்சீர் மையம் இல்லை. 1880இல் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் உடன்பிறந்தோர் கண்டறிந்த இப்பண்பே அழுத்தமின் விளைவு. இதன் மறுதலையும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நுண்ணளவில் நீளும் அல்லது சுருங்கும்.

அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரிலும் இவ்வகைப் பொருள் உண்டு. காரீயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்ட பீங்கான் அது. அதன்மேல் விழும் சிறு சுத்தியலடி ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்பிப் பொறி தெறிக்கச் செய்கிறது.

அடிக்கு மாற்றாக, மின்சாரத்தைக் கொண்டே பீங்கானை அதிரச் செய்தால் என்ன? 1950களில் அமெரிக்காவில் சார்லஸ் ரோசன் வடிவமைத்த மின்மாற்றி இவ்வினாவிற்கு விடையாயிற்று. அதில் கம்பிச்சுருளும் இல்லை, இரும்பு உள்ளகமும் இல்லை. பீங்கான் பட்டை ஒன்றே உண்டு. ஒரு பாதியின் மேலும் கீழும் மின்வாய்கள் பூசப்படும். மறுபாதிக்குரிய மின்வாய் பட்டையின் கடைமுனையில் அமையும். சுட்ட பீங்கானில் நுண்படிகங்கள் பல திசை நோக்கிக் கிடப்பதால், உயர் மின்புலத்தில் வைத்து அவற்றை ஒழுங்குபடுத்துவர். இதனை முனைவாக்கம் என்பர். முதற்பாதி தடிப்பின் திசையிலும் மறுபாதி நீளத்தின் திசையிலும் முனைவாக்கப்படும். முதற்பாதிக்குக் குறைந்த மாறுதிசை மின்னழுத்தம் தந்தால் பட்டை முழுவதும் நீளவாக்கில் அதிர்ந்து, கடைமுனையில் உயர் மின்னழுத்தம் தோன்றும். பட்டை எத்துணை நீண்டு மெலிந்துள்ளதோ, அத்துணை உயர்வு கிட்டும்.

ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால்தான் அது உயரச் செல்லும். பட்டைக்கும் அதன் இயல்பு அதிர்வெண்ணிலேயே மின்சாரம் தர வேண்டும். 3 செ.மீ. நீளப் பட்டைக்கு அது நொடிக்கு 50,000 அதிர்வுகளுக்குச் சற்று மேல். வெப்பம் ஏறினாலும் சுமை மாறினாலும் இவ்வெண் சிறிது நழுவும். அதனைப் பின்தொடரும் மின்சுற்றும் வேண்டும்.

வடிவமைப்பின் நுட்பம், பட்டையை எவ்விடத்தில் தாங்குவது என்பதில் உள்ளது. மேற்கூறிய அதிர்வில் பட்டையின் நீளம் அரை அலைக்குச் சமம். இரு முனைகளும் எதிரெதிராக அசைய, நடுவிடம் அசையாது நிற்கும். அசையாத அவ்விடமே கணு. தாங்குவதற்கு அது ஏற்ற இடம்தான். ஆனால் தகைவு மிகுவதும் அங்கேதான். வெவ்வேறு திசையில் முனைவாக்கப்பட்ட பாதிகள் கூடும் நலிந்த எல்லையும் அங்கேதான்! விரிசல் அவ்விடத்தில் எளிதில் தோன்றும். அதிர்வெண்ணை இருமடங்காக்கி, முழு அலையாக அதிரச் செய்தால் நடுவில் தகைவு நீங்குகிறது. கணுக்கள் இரண்டாகி, ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் கால்பங்கு தொலைவில் அமைகின்றன. தாங்கிகளை அங்கே வைக்கலாம். பொருளை மாற்றாமல், அதிரும் முறையை மட்டும் மாற்றிப் பெற்ற பயன் இது.

இம்மின்மாற்றிகள் சில வாட் திறனையே தாங்கும். 1990களில் மடிக்கணினித் திரையின் பின்னிருந்த மெல்லிய குழல்விளக்குகளை இவை ஏற்றின. ஒளி உமிழ் டையோடு வந்தபின் அத்தேவை குறைந்தது. பீங்கானிலுள்ள காரீயம் நச்சுத்தன்மை உடையது. ஆதலின், பொட்டாசியம், சோடியம், நியோபியம் கலந்த காரீயமற்ற பீங்கான்களை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.