உங்களுக்குத் தெரியுமா? வியர்த்தால் மங்கும் பார்வை

நரம்புகளின் மேலுறையான மையலின் சிதையும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அது உள்ள சிலருக்கு, உடம்பை வருத்தி வேலை செய்தால் சிறிது நேரம் பார்வை மங்கும். 1890இல் இதை எழுதிவைத்த ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப், உழைப்பே காரணம் என்று நினைத்தார். உண்மைக் காரணம் சூடு. மையலின் உறை உரிந்த நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே மின்சைகை தடுமாறிவிடும். ஒரு காலத்தில் நோயைக் கண்டறிய, ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே பார்த்தார்கள்! உழைத்தால் உடல் சூடேறும் என்பதால் 'அசையாமல் ஓய்வெடுங்கள்' என்ற அறிவுரை பல பத்தாண்டுகள் நீடித்தது.

அதை ஆட்டங்காண வைத்தது 1996இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ஆய்வு. வாரம் 3 முறை, 40 நிமிடம் வீதம் 15 வாரம் கையாலும் காலாலும் மிதிகருவி சுழற்றிய நோயாளிகளின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 22% கூடியது. அப்படியானால் பயிற்சி முடிந்ததும் கால் மரத்துப்போவதாக நோயாளிகள் சொல்வது பிரமையா? இல்லவே இல்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பயிற்சி முடிந்ததும் இத்தகைய உணர்வுக் கோளாறுகள் கூடின; ஆனால் 85% பேருக்கு அரை மணி நேரத்தில் பழைய நிலை திரும்பியது. சைகை தடுமாறுவது வேறு, நரம்பு சிதைவது வேறு. மின்விசிறிக் காற்றும் இடையிடையே குளிர்ந்த நீரும் அந்தத் தடுமாற்றத்தையும் குறைக்கும்.