பாதம் விறைத்தல்: ஏதுவும் பரிகாரமும்

சம்பூர்க் கடற்கரையிலே நெடுநேரம் குந்தியிருந்து வலை பொத்துவோரும், கோயில் மண்டபத்திலே சப்பாணி கட்டியிருந்து புராணபடனம் கேட்போரும் எழுந்து நிற்க முயலும்போது, கால் தம் வசத்தில் இல்லாதிருத்தலை உணர்வர். “கால் விறைத்துப் போயிற்று” என்று சொல்லிக் காலை உதறி நாலடி நடந்த அளவில் அது தீர்ந்துவிடும். இவ்விறைப்பு நோயன்று. ஆயின் இதே சொல்லால் நம்மவர் குறிக்கும் வேறொன்று உண்டு. அது நடந்தாலும் தீராது. உறங்கி எழுந்தாலும் தீராது. மாதக்கணக்கிற் பெருவிரலிலிருந்து மெல்ல மேலேறும். இரண்டிற்கும் பெயர் ஒன்றாயிருத்தலால், பின்னதையும் முன்னதைப் போல அலட்சியஞ் செய்வார் பலர். இவற்றை வேறுபிரித்துக் காட்டுதலே எமது நோக்கமாகும்.

முதலிற் கூறிய விறைப்பின் காரணம் எளியது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்புறத்தில், ஓர் என்பின் தலையைச் சுற்றி ஒரு நரம்பு செல்கின்றது. அவ்விடத்தில் அதற்குக் காப்பாகத் தோலன்றி வேறில்லை எனலாம். குந்தியிருக்கும்போதும் காலின்மேற் காலிட்டிருக்கும்போதும் அந்நரம்பு நசுங்கிச் செய்தி கடத்துவதை நிறுத்துகிறது. அழுத்தம் நீங்கியதும் ஊசி குத்துவது போன்ற சுணைப்புடன் உணர்வு மீளும். எனினும் நாள்தோறும் பல மணிநேரம் அவ்வாறு இருப்பவருக்குப் பாதத்தை மேல்நோக்கி உயர்த்த இயலாத தளர்ச்சி உண்டாகிச் சில கிழமைகள் நீடிப்பதும் உண்டு. அரை மணிக்கொருமுறை எழுந்து நடத்தலே இதற்கு மருந்து. பரீட்சைக் காலத்திற் கதிரையிற் காலின்மேற் காலிட்டு மணிக்கணக்கிற் படிக்கும் மாணவரும் இதனை நினைவிற் கொள்க.

இனி, தீராத விறைப்பைப் பார்ப்போம். அது பாதத்திலே தொடங்குவது ஏன்? நாரியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழைகளே உடம்பில் மிக நீளமானவை. அவற்றுட் சில ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமுடையன. குளத்து நீர் குறையும்போது முதலிற் காய்வது வாய்க்காலின் கடைசியிலுள்ள வயலே என்பதை மூதூர்ப் பகுதிக் கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறே உடம்பு முழுவதையும் பற்றும் நோய் நரம்புகளை வாட்டும்போது, நெடிய நரம்பின் நுனியே முதலில் வாடுகின்றது. ஆதலால் இரு பாதங்களும் ஒருங்கே விறைக்கும். விறைப்பு காலுறை அணிந்தாற்போல மேலேறி முழங்காலை அணுகும்போது கைவிரல் நுனிகளும் விறைக்கத் தொடங்கும்.

இவ்வகை விறைப்பிற்கு இன்று தலையாய காரணம், முன்னோர் சலரோகம் என வழங்கிய நீரிழிவு ஆகும். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஆய்வொன்றில், 20 வயதிற்கு மேற்பட்டோருள் 10.3 சதவீதத்தினருக்கு அந்நோய் இருப்பதாகக் கணிக்கப்பட்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் தமக்கு அந்நோய் உள்ளதென்பதை அறியாதிருந்தனர். குருதியில் மிகுந்த சர்க்கரை நரம்பிழைகளையும் அவற்றிற்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய குருதிக்குழாய்களையும் பல்லாண்டுகளாகச் சிதைக்கின்றது. சிலருக்கு இரவில் எரிவும் குத்தும் உண்டாகும். வேறு சிலருக்கோ ஒன்றும் தோன்றாது. எரிவுடையவர் வைத்தியரை நாடுவார். ஒன்றுந் தோன்றாதவர் நாடமாட்டார். ஆகவே பின்னவரைப் பற்றியே நாம் மிகுதியும் அஞ்சுகிறோம்.

நோவின்மை எத்துணைப் பெருங்கேடு என்பதை உலகிற்குத் தெளிவாக்கியவர், கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் போல் பிராண்ட் ஆவார். 1946 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் ஏன் குறைகின்றன என ஆராய்ந்தார். நோயே தசையை அரித்துவிடுகிறதென்பது அந்நாளைய கொள்கை. அவர் கண்டதோ வேறு. தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது. அதன்பின் சுடுபாத்திரமும் முள்ளும் செருப்பின் ஆணியும் செய்யும் புண்ணை நோயாளர் உணராமையால், அப்புண்ணே விரலைக் கொள்ளைகொள்கிறது. உறங்குவோரின் விரலை எலி கடித்தும் அவர்கள் விழியாதிருந்ததை அறிந்து, அங்கே பூனை வளர்க்கலாயினர். உணர்வற்ற பாதத்தைக் காக்க மென்மையான நுண்துளை றப்பரினாற் செருப்புச் செய்வித்தார். 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், நீரிழிவாளரின் பாதப்புண்ணுக்கும் இதுவே விளக்கமென எடுத்துக்காட்டினார்.

தொழுநோய் நம் நாட்டை விட்டு முற்றாக நீங்கவில்லை; கிழக்கு மாகாணத்திலும் இன்றும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர். ஒரு காலில் மட்டும் விறைப்பிருந்து, உடம்பில் எங்கேனும் உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த படையும் இருக்குமாயின் காட்டத் தயங்கலாகாது. 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்துண்டால் அது குணமாகும், மருந்து இலவசம். நோயினும் கொடியது அதனை மறைக்கச் செய்யும் வெட்கம்.

உணவுக்குறையும் ஒரு காரணமே. இலங்கையிற் பணியாற்றிய பிரித்தானியப் படை வைத்தியரான தோமஸ் கிறிஸ்டி, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படையினரின் காலை விறைக்கச் செய்து வீங்கவைத்த பெரிபெரி நோயைப் பற்றி எழுதினார். ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லே அந்நோய்க்குப் பெயராயிற்று என்பர். தீட்டிய பச்சையரிசியில் விற்றமின் பீ1 இன்மையே அதன் காரணமென்பது பின்னரே தெளிவாயிற்று. நெல்லை அவிக்கும்போது அச்சத்து உள்ளே ஊறிவிடுவதால், புழுங்கலரிசி உண்டோரை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. இக்காலத்திற் பீ1 குறைவை மிகுதியும் காண்பது மதுவுக்கு அடிமையானோரிடத்திலாகும். விற்றமின் பீ12 குறைவு, பாலும் தயிரும் உண்ணாத சைவபோசனக்காரரிடத்தும், நீரிழிவிற்கு மெற்போமின் குளிசையை நெடுங்காலம் எடுப்போரிடத்தும் தோன்றக்கூடும். குருதிப் பரிசோதனையால் இதனை அறியலாம். ஊசியாலோ குளிசையாலோ நிறைவுசெய்யலாம்.

இனிப் பரிகாரம். கெட்ட நரம்பை முழுதும் மீட்கும் மருந்து நீரிழிவில் இல்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் மேலும் கெடாது தடுக்கலாம். எரிவைத் தணிக்கும் மருந்தையும் வைத்தியர் தருவர். எஞ்சியது பாதத்தைக் காத்தலே. விறைத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் சூடான எண்ணெய்ப் பூச்சும் நம் வீடுகளில் வழக்கம். உணர்வுள்ள காலுக்கு அது சுகம். உணர்வற்ற காலைக் கொப்புளிக்கச் செய்துவிடும். நீரின் சூட்டைக் கையாலன்றிக் காலாற் பார்க்கலாகாது. கையும் விறைத்திருப்பின் வீட்டார் ஒருவர் பார்க்க வேண்டும். ஆணிக்கூட்டைச் சவர அலகாற் சீவுதலும் அவ்வாறே கேடு. இரவு படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். செருப்பணியுமுன் அதனைத் தட்டி உட்புறத்தைத் தடவிப் பார்த்தல் நன்று.

2006 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2015 முதல் மீளத் திரும்பிய சம்பூர் மக்கள், பற்றை மூடிய காணிகளையும் இடிந்த மனைகளையும் துப்புரவாக்கியே குடியேறினர். அத்தகைய நிலத்தில் வெறுங்காலுடன் நடத்தல் எவர்க்கும் தகாது. விறைத்த பாதத்தினர்க்கு அறவே தகாது. செல்வச்சந்நிதியிலிருந்து மூதூர், வெருகல் வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகருக்கும் இதனையே சொல்வோம். கோயில் வாயில்வரை செருப்பணிந்து வருபவரைக் கந்தன் கோபியான். நண்பகலிற் கொதிக்கும் திருவீதியைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ வழிபடலாம்.

சில குறிகள் கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. திடீரென ஒருபக்கக் கையுங்காலும் விறைத்து வாய் கோணுதலும் பேச்சுக் குழறுதலும் பாரிசவாதத்தின் அறிகுறி. நாரி நோவுடன் தொடையிடுக்கு விறைத்துச் சிறுநீர் தடைப்படுதல் முள்ளந்தண்டு நரம்புகள் நசிவதன் அறிகுறி. கால் குளிர்ந்து வெளிறி நோதல் குருதியோட்டம் அடைபட்டதன் அறிகுறி. இவர்களை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

ஏனையோர் வீட்டிலிருந்தே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறையும் மற்றொருவர் தம் விரல் நுனியால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுதல் வேண்டும். அழுத்தலோ தட்டலோ கூடாது. தொட்டபோது இடமா வலமா எனச் சொல்லச் செய்க. ஆறில் இரண்டேனும் தெரியாவிடின், நோவொன்றும் இல்லையாயினும், அடுத்த கிளினிக் நாளிற் சென்று வைத்தியரிடம் சப்பாத்தையும் செருப்பையும் கழற்றிப் பாதத்தைக் காட்டுக.