அர்ச்சகர் ஆக யாருக்கு உரிமை?

தமிழ்நாட்டின் ஆகமக் கோயில்களில் மூலவரைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை பிறப்பால் வருவதா, பயிற்சியால் வருவதா என்ற வழக்கு அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. கோயிலுக்குள் யார் நுழையலாம் என்ற கேள்வி இதற்கு மூத்தது. 1936இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம், 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நுழைவு, பின்னர் அரசமைப்புச் சட்டம் எனப் படிப்படியாக அதற்குச் சட்ட அளவிலாவது விடை கிடைத்தது. உள்ளே போனவர் கருவறைப் படியோடு நிற்க வேண்டுமா என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

இதற்கு அம்பேத்கர் 1936இலேயே ஒரு வழி சொன்னார். லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அங்கே பேச முடியாமல் போய், தாமே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் புரோகிதத் தொழில் பரம்பரையாக வருவதை நிறுத்த வேண்டும் என்றார். அரசு தேர்வு வைத்துச் சான்று தர வேண்டும், இந்து என்று சொல்லிக்கொள்ளும் எவரும் அதை எழுதலாம் என்றார். காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் அந்த உரையை விமர்சித்தார். அம்பேத்கரோ அந்த விமர்சனத்தையும் தம் பதிலையும் சேர்த்தே அடுத்த பதிப்பைக் கொண்டுவந்தார். இன்று தொலைக்காட்சியில் கத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

தாழ்த்தப்பட்டோர் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த இளையபெருமாள் குழுவும் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்த பின்னணியில், 1970 டிசம்பரில் கருணாநிதி அரசு பரம்பரை உரிமையை நீக்கி அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தியது. சிவாசாரியார்களும் பட்டாச்சாரியார்களும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் வந்த தீர்ப்பு இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாகப் படிக்கக்கூடியதாக அமைந்தது. அர்ச்சகரை நியமிப்பது சமயம் சாராத செயல், ஆகவே பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும். ஆனால் நியமிக்கப்படுபவர் அந்தக் கோயிலின் ஆகமம் சொல்லும் தகுதி உடையவராக இருக்க வேண்டும். பின்னால் வந்த வழக்குகள் பெரும்பாலும் இந்த 'ஆனால்' பற்றியவை.

அர்ச்சகர் தரப்பின் வாதத்தை வெறும் சாதிப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிவாலயங்களில் தீட்சை பெற்ற ஆதிசைவரும், பெருமாள் கோயில்களில் வைகானச அல்லது பாஞ்சராத்திர மரபினருமே மூலவரைத் தொடலாம். வேறு பிரிவுப் பிராமணருக்கும் அந்த உரிமை கிடையாது. எனவே இது சமயப் பிரிவின் வழக்கம், சாதிப் பாகுபாடு அன்று என்கிறார்கள். அந்தப் பிரிவுக்குள் பிறப்பால் மட்டுமே சேர முடியும் என்றால் அதைச் சாதியிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று மறுதரப்பு கேட்கிறது. இதற்குத் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை. நடைமுறையும் சீராக இல்லை. ராமேசுவரத்தில் மராட்டியப் பிராமணர்கள் பூசை செய்கிறார்கள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மீனவ மரபினரான பருவதராஜகுலத்தார் வழிவழியாகப் பூசாரிகள். கிராமத்து அம்மன் கோயில்களில் பிராமணர் அல்லாத பூசாரிகள் இருப்பதோ எல்லோரும் அறிந்தது.

கேரளத்தில் விவகாரம் வேறு மாதிரி முடிந்தது. மந்திரமும் தந்திரமும் முறையாகக் கற்றவர் மலையாளப் பிராமணராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2002இல் ஆதித்யன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியத்துக்கு 2017இல் தேர்வான பிராமணர் அல்லாத 36 பேரில் 6 பேர் பட்டியல் சாதியினர்.

தமிழ்நாட்டில் 2006இல், தகுதியும் பயிற்சியும் உள்ள எந்தச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை பிறந்தது. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு ஊர்களில் சைவத்துக்கும், ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணி இரண்டிலும் வைணவத்துக்கும் பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்று வெளியே வந்தபோது வழக்கு குறுக்கே நின்றது. ஆகமப்படியே நியமனம், ஆனால் அது அரசமைப்புச் சட்டத்தை மீறக் கூடாது, ஒவ்வொரு கோயிலாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்டு 14 அன்று மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 58 பேருக்கு நியமன ஆணை வழங்கினார். அவர்களில் 24 பேர் அந்த அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் பயின்ற பல சாதியினர்.

சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில், ஆகமக் கோயில்கள் எவை என்று கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில், ஆகமம் கற்றிருந்தால் போதும், குலம் தடையில்லை என்றது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆகமக் கோயில் நியமனங்களில் அப்போதைய நிலையே தொடர உத்தரவிட்டது. அதே மாதம் ஸ்ரீரங்கம் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள்.

அறநிலையத் துறையின் கீழ் 40,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. எந்தக் கோயில் எந்த ஆகமத்தில் நடக்கிறது, அந்த ஆகமம் அர்ச்சகரின் பிறப்பைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை மூலநூலோடு தமிழில் வெளியிட்டுவிட்டு விவாதிப்பதே முறை.